கண்ணை மூடிக்கிடுங்க, அண்ணாச்சி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி அழைத்தார். அவருடைய பேத்தியின் கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வெளிறிய திட்டு ஒன்று வந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பினால், முன்பு அம்மாவுக்கு நான் ஏற்பாடு செய்த சென்னை டாக்டரம்மாவிடம் போனிலேயே காட்டிவிட முடியுமா என்பது அவருடைய கேள்வி. 2021-இல் இதைக் கேட்டிருந்தால் அடுத்த நிமிடமே நேரம் வாங்கிக் கொடுத்திருப்பேன். 2022-இன் கடைசியில் கேட்டிருந்தால், தோலில் வரும் எதையும் போனில் காட்டாதீர்கள் என்று கோபமாகவே சொல்லியிருப்பேன். இப்போது இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. "அந்த இடத்தைத் தொட்டால் பிள்ளைக்குத் தெரிகிறதா, சித்தி?" என்று மட்டும் கேட்டேன். "தொட்டாத் தெரியாம இருக்குமா? இது என்ன கேள்வி, ஏட்டி?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது அப்பாவின் உடம்பைப் பற்றியது என்பதால் முதலில் அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுது. பேரு மட்டும் போடாத" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கம். ஊரில் நல்ல பொது மருத்துவர்கள் இருக்கிறார்கள். தோல் மருத்துவரைப் பார்ப்பதென்றால் திருநெல்வேலிக்குப் போக வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பேருந்துப் பயணம். ஆனால் அம்மாவைத் தடுத்தது தூரமில்லை. அவருக்கு இடுப்பைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. மூன்று ஆண்டுகளாக அதை யாரிடமும் காட்டாமல், மெடிக்கலில் பெயர் சொல்லாமல் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட இரண்டாம் நாள் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், நிறுத்திய பத்தாம் நாள் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஒன்றாகக் கலந்த களிம்பு அது என்பதும், அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை அமர்த்திவிட்டு அதன் மறைவில் பூஞ்சையைப் பரவவிடும் என்பதும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டிருந்தது. கடையில் கேட்பவரின் கூச்சத்துக்கு முன்னால் அந்த ஆணை நிற்கவில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான முறையான வழிகாட்டு நெறிகளை அரசு வெளியிட்டதும் அதே நாளில்தான். முதல் முறை காணொளியில் பார்த்தே எழுதித் தரலாம் என்று அனுமதித்த மருந்துகளில் க்ளோட்ரிமசோல், முப்பிரோசின், காலமைன் போன்ற தோல் மருந்துகளும் இருந்தன. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த மே மாதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா இரவில் தூங்காமல் சொறிந்துகொண்டிருக்கிறார் என்பதும், சென்னையில் ஒரு பெண் தோல் மருத்துவர் காணொளியில் பார்க்கிறார் என்பதும் மட்டுமே. அம்மா எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இருபது நிமிடம் பேசினார். மூன்று ஆண்டுகளாக என்னிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த முகத்திடம் சொன்னார். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று பின்னால் அவரே சொன்னார்.

அந்த டாக்டரம்மா முதலில் தோலைக் காட்டச் சொல்லவில்லை. "இதுவரை என்ன போட்டீங்களோ, அந்த ட்யூபைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வாங்கம்மா" என்றாராம். பாதி நசுங்கிய குழாயின் முதுகில் இருந்த சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டு, அதை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் முதல் வாரம் அரிப்பு கூடும், பயந்து மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தார். புதுக் களிம்பைத் திட்டின் மேல் மட்டும் தடவாமல், விளிம்பைத் தாண்டியும் இரண்டு விரல் அகலத்துக்குத் தடவச் சொன்னார். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கக் கட்டாமலிருப்பது, துண்டுகளைத் தனியே துவைத்து நல்ல வெயிலில் காயவைப்பது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் எல்லோரும் சேர்ந்தே மருந்து போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊரிலேயே ரத்தப் பரிசோதனை செய்து அனுப்பிய பிறகு, அடுத்த அழைப்பில் மாத்திரையும் எழுதினார். ஆகஸ்டில் அம்மாவின் தோல் தெளிந்துவிட்டது.

அதன்பின் எங்கள் தெருவுக்கே நான்தான் இடையாள் ஆனேன். கல்லூரி போகும் பெண்ணின் முகப்பரு, காளாஞ்சகப்படை (சோரியாசிஸ்) உள்ள மாமாவின் மறுபரிசோதனை என்று எல்லாமே என் போன் வழியாகப் போயின. பெரும்பாலானவை நன்றாகவே முடிந்தன என்பதை இப்போதும் சொல்வேன். ஏற்கெனவே நோய் இன்னதென்று தெரிந்து, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டியவர்களுக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சியது சிறிய நன்மையில்லை.

மூன்று 'இல்லை'கள்

2021 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே வெளிறிய திட்டு ஒன்றைப் பார்த்தேன். அப்பா நாற்பது ஆண்டுகள் விசைத்தறியில் கூலிக்கு வேலை பார்த்தவர், அப்போதும் பாதி நாள் தறிக்குப் போய்க்கொண்டிருந்தார். "தேமல்" என்றார். எங்கள் பக்கத்தில் தோலில் வெளுப்பாக எது வந்தாலும் அதற்குத் தேமல் என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை நான் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை. டாக்டரம்மா அந்தச் சமயம் விடுப்பில் இருந்ததால், வேறொரு செயலியில் பதிவு செய்தேன். அதில் காணொளிகூட வேண்டியிருக்கவில்லை. மூன்று படங்களை ஏற்றி, கேட்ட கேள்விகளுக்குத் தட்டச்சு செய்து அனுப்பினால் சில மணி நேரத்தில் மருந்துச் சீட்டு வந்துவிடும்.

அரிப்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். அப்பாவைக் கேட்டுவிட்டு 'இல்லை' என்று குறித்தேன். வலி இருக்கிறதா, இல்லை. எரிச்சல் இருக்கிறதா, இல்லை. மூன்று முறை 'இல்லை' என்று குறித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எந்தத் தொந்தரவும் தராத ஒன்று பெரிய நோயாக இருக்க முடியாது என்றுதான் நானும் நினைத்தேன், அந்தப் படிவத்தை அமைத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பூஞ்சைத் தேமல் என்று சொல்லி ஒரு களிம்பும் ஷாம்பூவும் எழுதி வந்தது. ஆறு வாரத்தில் மாற்றமில்லை. மறுபடியும் படம் அனுப்பினோம். யார் ஓய்வாக இருக்கிறாரோ அவருக்கு அனுப்பிவிடுவது அந்தச் செயலியின் முறை என்பதால், இம்முறை வேறொரு மருத்துவர் பார்த்தார். வயதானதால் வரும் வறட்சி என்றார், ஈரப்பதம் காக்கும் களிம்பு எழுதினார். அப்பா அதையும் முறையாகத் தடவிக்கொண்டார்.

அந்தப் பத்து மாதங்களில் வீட்டில் வேறு சிலவும் நடந்தன. தறியில் அறுந்த இழையை எடுத்து முடிச்சிடும்போது நூல் விரலிலிருந்து நழுவுகிறது என்று அப்பா இரண்டு மூன்று முறை சொன்னார். வயதாகிவிட்டது, தறிக்குப் போவதை நிறுத்துங்கள் என்றேன். ஒரு நாள் சுண்டுவிரலில் கொப்புளம் கண்டிருந்தது. சூடான டீ டம்ளரைப் பிடித்திருக்கிறார், சுட்டது தெரியவில்லை. அம்மா அதற்கு மருந்து போட்டுவிட்டு, கவனமில்லாமல் இருந்ததற்காக அவரைத் திட்டினார். நூலின் இழை அறுவதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலில் அறிந்துகொண்ட மனிதர் அவர். அந்த விரல்கள் ஏன் அப்படியாயின என்று நாங்கள் கேட்கவில்லை. திட்டு வேறு, விரல் வேறு என்றே இருந்துவிட்டோம். செயலியிலும் திட்டைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள்.

பேனா முனை

2022 செப்டம்பரில் நான் ஊரில் இருந்த ஒரு காலைப் பொழுதில், சுகாதார ஆய்வாளர் ஒருவரும் கிராம சுகாதார செவிலியரும் வீடு வீடாக வந்தார்கள். யாருக்காவது உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கையை நீட்டி, "இது சும்மா தேமல். மெட்ராஸ் டாக்டரே பாத்தாச்சு" என்றார். அந்த ஆய்வாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் அதை மறுத்து எதுவும் சொல்லவில்லை. அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார், முற்றத்தில் வெயில் பக்கவாட்டில் விழும் இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு முதுகுப் பக்கம் போனார். அங்கே, வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கையைவிடப் பெரிதாக இன்னொரு வெளிறிய திட்டு இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்திருக்கவில்லை. முதுகைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை, அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். "அண்ணாச்சி, நான் இத வச்சு லேசாத் தொடுவேன். தொட்ட எடத்த வெரலால காட்டணும், என்னா?" என்று சொல்லி, முதலில் கண் திறந்திருக்கும்போதே இரண்டு முறை தொட்டுக் காட்டினார். "இப்பம் கண்ணை மூடிக்கிடுங்க, அண்ணாச்சி." அப்பா மூடிக்கொண்டார். இடது கையில் தொட்டார், அப்பாவின் விரல் சரியாக அங்கே போய் நின்றது. நெற்றியில் தொட்டார், அதுவும் சரி. பிறகு வலது கையில் அந்தத் திட்டின் நடுவில் தொட்டார். அப்பா அசையவில்லை. திட்டின் ஓரத்தில் தொட்டார், அசையவில்லை. மீண்டும் நடுவில், தோல் சற்றே குழியும் அளவுக்கு. அப்பா கண்களை மூடியபடி, முகத்தில் அதே சிரிப்போடு காத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தொடுங்க தம்பி, ஏன் சும்மா இருக்கீய?" என்றார்.

நான் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பேனா முனை பதிந்த சிறிய குழி அப்பாவின் கையில் மெல்ல நிரம்பி மறைவதைப் பார்த்தேன்.

ஆய்வாளர் பிறகு அப்பாவின் முழங்கையை மடக்கிப் பிடித்து, எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தன் விரல்களுக்கு அடியில் உருட்டிப் பார்த்தார். இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் விரலையும் எடுத்து வைத்துக் காட்டினார். இடது பக்கம் மெல்லியதாக நழுவிய ஒன்று, வலது பக்கம் கயிறு போலத் தடித்திருந்தது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது அந்த நரம்புதான் என்று அவர் சொன்னபோது, நழுவிய நூலும் டீ டம்ளரும் ஒரே கணத்தில் என் நினைவுக்கு வந்தன. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அந்த வாரமே திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் போனோம். தொழுநோய் என்று உறுதியானது.

படத்தில் வராத தோல்

முதல் சில மாதங்கள் என் கோபமெல்லாம் போன் மீதும் அந்தச் செயலி மீதும்தான் இருந்தது. அதில் நியாயமும் இருக்கிறது. இப்போதைய போன்கள் நம்மைக் கேட்காமலே படத்தை வெளிச்சமாக்குகின்றன, முகமாக இருந்தால் மழுப்பியும் விடுகின்றன. நம் மாநிறத்தில் வெளிறிய திட்டு, ஃப்ளாஷ் அடித்தால் பாதி கரைந்துபோகிறது. சிவந்த தடிப்பு நம் தோலில் சிவப்பாகத் தெரிவதில்லை, கருமையாகவோ ஊதா சாயலாகவோதான் தெரியும். இரவில் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அதுவும் போய்விடும். நேரில் பார்க்கும் தோல் மருத்துவர் தோலை இழுத்துப் பார்க்கிறார், கண்ணாடிச் சில்லை வைத்து அழுத்தி நிறம் போகிறதா என்று பார்க்கிறார், செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பூஞ்சை தெரிகிறதா என்று பார்க்கிறார். இவற்றுக்கெல்லாம் கை வேண்டும். இன்னொன்றும் உண்டு. நேரில் போனால் முழு மனிதர் போகிறார், படத்தில் நாம் எது நோய் என்று முடிவு செய்தோமோ அந்தத் துண்டு மட்டும் போகிறது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் அரிதாக வந்தாலும், வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. உள்ளங்காலைத் தானாகவே படமெடுத்து அனுப்புகிறவர் யார்?

ஆனால் இந்தக் கோபம் நெடுநாள் நிற்கவில்லை. அப்பாவை நேரில் ஒரு கூட்டமான கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தால், இரண்டு நிமிடத்தில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துத் தேமல் என்று எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கை எட்டும் தூரத்தில் இருந்தும் தொடாத மருத்துவருக்கும் 300 மைல் தள்ளியிருக்கும் மருத்துவருக்கும் அப்பாவின் கையைப் பொறுத்தவரை வேறுபாடில்லை. 2005 டிசம்பரில், தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டது என்று இந்தியா அறிவித்தது. அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்பதற்கான அளவுகோல் மட்டுமே. நோய் போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயர் நம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது, மருத்துவரின் மனத்தில் முதலில் தோன்றும் பெயர்களிலிருந்தும் மறைந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் செங்கல்பட்டை அடுத்த திருமணியும் வேலூரை அடுத்த கரிகிரியும் இந்த நோயின் ஆராய்ச்சிக்கு உலகமே வந்து கற்றுக்கொண்ட இடங்கள். வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயில் விரல்கள் அழிவதற்குக் காரணம் சதை அழுகுவதன்று, வலி தெரியாமல் போவதால் திரும்பத் திரும்பக் காயம் படுவதே என்று காட்டினார். எங்கள் மூன்று 'இல்லை'களின் பொருள் அதுதான். அந்தப் படிவம் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டதே அங்கே நோயாக இருந்தது.

இதற்குக் கேமராவின் தெளிவைக் கூட்டினால் போதாது. ஒரு கேள்வி கூடுதலாக இருந்திருந்தால் போதும். 'கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, வீட்டிலுள்ள ஒருவர் அந்த இடத்தைப் பஞ்சாலோ பேனாவாலோ தொட்டுப் பாருங்கள். தெரிகிறதா?' இதைத் தட்டச்சு செய்யப் பத்து நொடி ஆகும். வெளிறிய திட்டின் படத்தை வாங்கும் எந்தச் செயலியும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மருந்துச் சீட்டு அனுப்பக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுபோலவே, மறுமுறை அனுப்பும் படம் முதலில் பார்த்தவரிடமே போக வேண்டும். தன் மருந்து பலிக்கவில்லை என்று பார்க்கும் மருத்துவருக்குத்தான் தன் கணிப்பின் மேல் ஐயம் வரும். புதியவருக்கு அது இன்னொரு முதல் நாள். நேரில் வர வேண்டும் என்று எந்தக் கட்டத்திலும் சொல்லிவிடும் பொறுப்பை 2020-இன் நெறிகள் மருத்துவரிடம்தான் விட்டிருக்கின்றன. அப்படிச் சொல்கிறவருக்குக் கட்டணமும் நற்பெயரும் குறையாத ஏற்பாடு இருந்தால்தான் அந்தப் பொறுப்புக்குப் பொருளுண்டு.

2019 நவம்பரில் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே நோயாளி மருத்துவரை அழைப்பது ஒன்று. ஊர் நலவாழ்வு மையத்தில் சுகாதாரப் பணியாளரின் பக்கத்தில் நோயாளி உட்கார்ந்திருக்க, மருத்துவர் மறுமுனையிலிருந்து பேசுவது மற்றொன்று. தோலைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் சரியான வழி என்பது என் கருத்து. அங்கே மருத்துவர் தொலைவில் இருந்தாலும் கை பக்கத்தில் இருக்கிறது. அன்று எங்கள் முற்றத்தில் நின்ற ஆய்வாளரையும், அம்மாவிடம் ட்யூபைக் காட்டச் சொன்ன டாக்டரம்மாவையும் ஒரே அழைப்பில் சேர்க்க முடிந்திருந்தால், அப்பாவுக்குப் பத்து மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

சித்தி அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அழைத்தார். பேத்தியின் கண்ணைத் துண்டால் கட்டி, தென்னங்குச்சியால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை கூசிச் சிரித்துக்கொண்டே மூன்று முறையும் சரியாகக் காட்டியிருக்கிறாள். டாக்டரம்மாவின் எண்ணை அனுப்பினேன். காலை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், இரண்டு கன்னமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுக்கச் சொன்னேன். குச்சியால் தொட்டுப் பார்த்ததையும் எழுதி அனுப்பச் சொன்னேன்.

அம்மாவின் கை

ஹைகிரவுண்டில் எங்களைப் பார்த்த தோல் மருத்துவர், நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். கையுறை இல்லை. வைத்துக்கொண்டே பேசினார். மூன்று மருந்துகள் கொண்ட அட்டை, ஒவ்வோர் அட்டையும் 28 நாளுக்கு, மொத்தம் 12 அட்டை, எல்லாம் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் நிலை போய்விடும். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கொஞ்ச காலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். கூட இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை போதும். அம்மா வரும் வழியெல்லாம் "யார்ட்டயும் சொல்லிராத" என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா என்ற கேள்வி அவருக்குள் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தபின் அவர் அதைக் கேட்கவே இல்லை. எந்தத் திரையும் இதைச் செய்திருக்க முடியாது.

நான்காம் மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு, அப்பாவின் திட்டுகள் சிவந்து வீங்கின, முழங்கையில் வலி தொடங்கியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அம்மா அட்டையை நிறுத்தப் பார்த்தார். நான் சென்னையிலிருந்து அந்த மருத்துவரின் எண்ணுக்குப் படங்களை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மாத்திரையை நிறுத்த வேண்டாம், இது நோய்க்கிருமியை எதிர்த்து உடம்பு கொள்ளும் வேகம், ஆனால் நரம்பு வீங்கினால் கை போய்விடும், நாளைக் காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்று எழுதியிருந்தார். மறுநாளே வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசலோன் மாத்திரையைத் தொடங்கினார். படங்களை அனுப்பியது பழைய போனேதான். ஆனால் இம்முறை அவற்றைப் பார்த்தவர் அந்தக் கையைத் தொட்டவர், அந்த நரம்பின் தடிப்பைத் தன் விரலில் அறிந்தவர். அவருக்கு அந்த மங்கலான படம் போதுமானதாக இருந்தது.

மாதம் ஒரு முறை நேரில் போவோம். நடுவில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை காணொளியில் பார்ப்பார். பழைய மரப்பு திரும்பாது, அண்மையில் போனது திரும்பலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் போனைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு அம்மாவைத்தான் கூப்பிடுவார். அப்பாவின் சுண்டுவிரலை உள்ளே தள்ளுங்கள், அவர் எதிர்த்துத் தள்ளட்டும், போன முறையைவிட எதிர்ப்பு கூடுதலா குறைவா என்பார். அம்மா யோசித்துப் பதில் சொல்வார். பிறகு பேனா. ஜூன் மாதத்தில் ஒரு நாள் நானும் அந்த அழைப்பில் இருந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டுவிரலின் அடியில் அம்மா பேனா முனையை வைத்தார். அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். இடது கையின் ஆட்காட்டி விரல் மெல்ல எழுந்து, தேடிக்கொண்டே வந்து, பேனா தொட்ட இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"எங்க காட்டினார்ம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"கிட்டத்துல வந்துட்டாரு, சார்" என்றார் அம்மா. "இன்னொரு தடவ தொடட்டுமா?"